உஷார்! முயலைப் பட்டினி போடச் சொன்னால் ஆபரேஷனை நிறுத்துங்கள்

வீட்டு முயலுக்கு நாளைக் காலை கருத்தடை ஆபரேஷன் என்று நாள் குறித்தாகிவிட்டதா? "நைட்டு ஒண்ணும் குடுக்காதீங்க, காலைல வெறும் வயித்தோட கொண்டாங்க" என்று சொல்லி அனுப்பினார்களா? அப்படியென்றால் நாளைக்குப் போக வேண்டாம். மருத்துவரை நேரில் பார்த்து, "முயலையுமா சார் பட்டினி போடணும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அவரும் ஆமாம் என்றால் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

நாயையும் பூனையையும் பட்டினி போடுவதில் நியாயம் இருக்கிறது. மயக்கத்தில் அவை வாந்தி எடுக்கக்கூடும். எடுத்தது மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து. முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. அதன் குடல், புல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் ஓடும். ஓர் இரவு முழுக்கக் காலியாக விட்டால் குடல் மந்தமாகிறது. வாயு கட்டுகிறது, வலி எடுக்கிறது. வலி எடுத்தால் முயல் தின்னாது. தின்னாவிட்டால் குடல் இன்னும் மந்தமாகும். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, தையலும் சுத்தமாக இருந்து, மறுநாளோ மூன்றாம் நாளோ முயல் செத்துக் கிடக்கிறதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். முயலைப் பற்றித் தெரிந்த மருத்துவர்கள், அறுவைக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வரை அதைத் தின்ன விடுகிறார்கள். வாய்க்குள் புல் துணுக்கு தங்கக் கூடாது என்பதற்காக மட்டும் அதன்பிறகு எடுத்துவிடுகிறார்கள். ஆகவே முதல் நாள் ராத்திரியே பட்டினி போடச் சொல்லும் இடத்தில் முயலை நாய்க்குட்டிக் கணக்கில் வைத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். மயக்க மருந்திலும் அதே கணக்குதான் ஓடும்.

இதை இவ்வளவு பதறி எழுத வேண்டியிருக்கிறது. தூத்துக்குடியில் மாடி வீடுகளில் முயல் வளர்ப்பது கூடிக்கொண்டே போகிறது. பிள்ளை கேட்டது என்று சில நூறு ரூபாய்க்கு ஒரு ஜோடி வாங்கி வருகிறோம். வெள்ளை உடம்பு, சிவந்த கண். கொஞ்ச நாளில் அது குட்டி போடுகிறது. குட்டிகள் வளர்ந்து அவையும் போடுகின்றன. ஐந்தாறு மாதத்தில் வீடே திணறிப்போய், யாரோ சொன்ன ஏதோ ஒரு கிளினிக்குக்கு போன் அடிக்கிறோம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அந்த போன் பேச்சு இப்படித்தான் நடந்தது.

"தம்பி, முயலுக்குக் குட்டி போடாம இருக்க ஆபரேஷன் பண்ணுவீங்களா?"

"பண்ணலாம்க்கா. நாய்க்குப் பண்ற மாதிரிதான். சின்ன உருப்படிதான, ரேட்டும் கம்மிதான். நைட்டு சாப்பாடு குடுத்துராதீங்க."

"வேற ஒண்ணும் பயமில்லையே?"

"அதெல்லாம் பாத்துக்கிடலாம்க்கா, வந்துருங்க."

ரேட்டு கம்மி என்றதும் அந்த அக்காவுக்கு நிம்மதி. பெண் முயலைக் கொண்டுபோனார்கள். சாயங்காலமே அரை மயக்கத்தில் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வலி மருந்து கிடையாது. எப்போது தின்ன வேண்டும், தின்னாவிட்டால் யாருக்குப் பேச வேண்டும் என்று ஒரு வார்த்தை கிடையாது. மறுநாள் முழுக்கக் கூண்டின் மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டே இருந்தது. அசதியில் தூங்குகிறது, தொந்தரவு பண்ண வேண்டாம் என்று பிள்ளைகளை விலக்கி வைத்தார்கள். அது தூக்கமில்லை, வலி. அடுத்த நாள் விடியும்போது முயல் இல்லை.

முயலுக்கு மயக்கம் கொடுப்பது கை தேர்ந்த ஊரிலேயே அபாயமான வேலை. பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை நூற்றுக்கும் மேற்பட்ட கால்நடை மருத்துவமனைகளில் மயக்கம் கொடுக்கப்பட்ட விலங்குகளைக் கணக்கெடுத்து, 2008-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மயக்கத்தாலோ அதை ஒட்டியோ இறந்த நாய்கள் 0.17 விழுக்காடு. பூனைகள் 0.24. முயல்கள் 1.39. ஏறக்குறைய எழுபத்திரண்டு முயலுக்கு ஒன்று. நாயைவிட எட்டு மடங்கு. நோய் நொடி இல்லாத நல்ல முயல்களை மட்டும் பிரித்துப் பார்த்தாலும் 0.73. இறந்த முயல்களில் பாதிக்கும் மேல், ஆபரேஷன் முடிந்த பிறகுதான் இறந்திருக்கின்றன. தினமும் முயல் பார்க்கிற மருத்துவர்கள் இருக்கும் நாட்டிலேயே இந்த நிலை என்றால், ஆடு, மாடு, கோழி, நாய் என்று வரிசை நிற்கும் நம் ஊரில் எத்தனை கவனம் வேண்டும்?

பிறகு ஏன் ஆபரேஷன், பேசாமல் விட்டுவிடலாமே என்று தோன்றும். விட முடியாது. முயலுக்குச் சினைக்காலம் முப்பது, முப்பத்தோரு நாள்தான். இணை சேர்ந்தால்தான் அதற்குக் கருமுட்டையே வெளிவரும். அதனால் சேர்ந்தால் அநேகமாகச் சினைதான். குட்டி போட்ட அன்றைக்கே ஆண் முயல் பக்கத்தில் இருந்தால் மறுபடியும் சினை பிடித்துவிடும். ஒரு வயிறு குட்டிக்குப் பாலும் கொடுத்துக்கொண்டு, அடுத்த வயிற்றையும் சுமந்துகொண்டு, தாய் எலும்பும் தோலுமாகிவிடுகிறது.

ஆண் வாடையே இல்லாமல் ஒற்றையாக வளர்க்கிற பெண் முயலுக்கும் ஆபத்து இருக்கிறது. கருப்பைப் புற்று. நான்கு வயது தாண்டிய, கருப்பை எடுக்காத பெண் முயல்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு அது வந்திருந்ததாகப் பதிவான ஆய்வுகள் உண்டு. இனத்துக்கு இனம் அளவு மாறும், ஆனால் எந்த இனத்துக்கும் இது அபூர்வ நோய் இல்லை. நுரையீரலுக்குப் பரவிவிட்டால் பிறகு செய்ய ஒன்றுமில்லை. முயலின் மூத்திரம் சில நாள் தீவன நிறத்தால் செம்மண் தண்ணீர் போலவே இருக்கும், அது சாதாரணம். ஆனால் மூத்திரத்தின் கடைசியில் திட்டுத் திட்டாக ரத்தம் தெரிந்தால், கட்டி கட்டியாக விழுந்தால், 'சூடு பிடிச்சிருக்கு' என்று இளநீர் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே காட்டுங்கள்.

இப்போது காசு விஷயம். முயல் ஆபரேஷனுக்கு ஊர் முழுக்கப் பொதுவான ஒரு ரேட்டு கிடையாது. அரசு கால்நடை மருத்துவமனையில் செலவு சொற்பம். தனியார் இடத்தில் சில ஆயிரத்தில் தொடங்கும். பெருநகரத்தில் முயல், கிளி, ஆமை பார்க்கிற சிறப்பு மருத்துவர்களிடம் போனால் இன்னும் ஏறும். சில நூறு ரூபாய் முயலுக்கு இத்தனை ஆயிரமா என்று மலைக்கும் மனசைத்தான் அந்த 'ரேட்டு கம்மி' பிடித்து இழுக்கிறது. விலை கேட்கும்போது தொகையை மட்டும் கேட்காதீர்கள். அதற்குள் என்னென்ன அடங்கும் என்று பிரித்துக் கேளுங்கள். ஊசியில் மட்டும் மயக்கமா, ஐசோஃப்ளூரேன் வாயுவும் ஆக்சிஜனும் உண்டா? முன்னாலேயே ரத்தம் பார்ப்பார்களா? வயதான பெண் முயலென்றால் நெஞ்சுக்கு எக்ஸ்ரே? மேசையில் உடம்பு சில்லிட்டுப் போகாமல் சூடு கொடுக்க ஏற்பாடு இருக்கிறதா? வலி மருந்து வீட்டுக்கும் தருவார்களா? மறுநாள் தின்னவில்லை என்றால் திரும்பக் கொண்டுவந்து காட்டத் தனிக் காசா? இத்தனையையும் கழித்துவிட்டுச் சொல்கிற விலை குறைவாகத்தான் இருக்கும். அதில் வெட்டுவதும் தைப்பதும் மட்டுமே அடக்கம். முயலைச் சாகடிப்பது பெரும்பாலும் அந்த இரண்டும் இல்லை.

ஆண் முயலுக்கான அறுவை எளிது, நேரம் குறைவு, செலவும் குறைவு. பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். ஆகவே கையில் காசு கொஞ்சம்தான் இருக்கிறது, ஜோடியாக வளர்க்கிறீர்கள், குட்டிப் பெருக்கம்தான் இப்போதைய தலைவலி என்றால், முதலில் ஆணுக்குச் செய்யுங்கள். பெண்ணுக்குச் சேர்த்துவைத்துப் பிறகு செய்யலாம்; ஆனால் மறந்துவிடக் கூடாது, புற்று ஆபத்து அப்படியேதான் இருக்கும். இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். விரை நீக்கிய பிறகும் நான்கிலிருந்து ஆறு வாரம் வரை ஆண் முயலால் சினைப்படுத்த முடியும். "அதான் ஆபரேஷன் ஆயிடுச்சே" என்று அன்றைக்கே சேர்த்து விட்டு, அடுத்த மாதம் குட்டியைப் பார்த்து மருத்துவரோடு சண்டைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆறு வாரம் தனித்தனிக் கூண்டு. வீட்டில் இரும்பு வலையடித்த இன்னொரு கூண்டு செய்ய ஆகும் செலவையும் ஆபரேஷன் செலவோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

முதலில், அது ஆண்தானா, பெண்தானா? கடைக்காரர் சொன்னதை நம்பாதீர்கள். சின்னக் குட்டியில் பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆண் முயல் பயந்தால் விரையை உள்ளே இழுத்தும் கொள்ளும். மூன்று மாதம் ஆன பிறகு அரசு கால்நடை மருத்துவமனையில் காட்டினால் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். இரண்டும் பெட்டைதான் என்று நம்பியிருந்த வீடுகளில்தான் கூட்டம் பெருகுகிறது.

ஆட்டுக்கிடாவுக்குக் காயடிக்கிறவரை வீட்டுக்கே கூப்பிட்டு முயலுக்கும் முடித்துவிடலாம் என்று யோசனை சொல்கிறவர்களும் உண்டு. வேண்டவே வேண்டாம். விரை இறங்குகிற வழி முயலுக்கு ஆயுசு முழுக்க மூடாமல் திறந்தே இருக்கும். அதைச் சரியாக மூடித் தைக்காவிட்டால் குடல் அந்த வழியே பிதுங்கி வரலாம். மயக்கமில்லாமல் அறுத்தால் வலியின் அதிர்ச்சியிலேயே முயல் போய்விடும். திமிறி உதைத்தால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும் பிராணி அது. மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு செய்த மருத்துவர்தான் இதைச் செய்ய வேண்டும். 1984-ல் வந்த இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் அந்தப் பதிவுக்காகத்தான் இருக்கிறது. பலகையில் பி.வி.எஸ்சி. என்று இருக்கிறதா, பதிவு எண் என்ன என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

சரி, யாரிடம் போவது? நான் எந்த மருத்துவரின் பெயரையும் சொல்லப்போவதில்லை. எப்படிக் கேட்பது என்று சொல்கிறேன். "சார், நீங்க முயலுக்கு இதுவரை எத்தனை பண்ணியிருக்கீங்க? எதாவது தவறிப்போச்சா?" இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கிறவரிடம் போகாதீர்கள். "ஒண்ணு ரெண்டு போயிருக்கு, இன்ன காரணத்தால போச்சு" என்று சொல்கிறவர் கவனித்துச் செய்கிறவர். "நான் முயலுக்குப் பண்ணினதில்ல, நீங்க திருநெல்வேலி காலேஜுக்குப் போயிருங்க" என்கிறாரே ஒருவர், அவரை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு வேறு எதற்காவது நம்பிப் போக வேண்டிய மருத்துவர் அவர்தான்.

திருநெல்வேலி காலேஜ் என்று அவர் சொல்வது ராமையன்பட்டியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவது. நம் ஊரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். அறுவைசிகிச்சைக்கென்று தனித் துறை, படித்த பேராசிரியர்கள், மயக்க மருந்துக் கருவிகள் என்று கல்லூரி மருத்துவமனையில் வசதி கூடுதல், கட்டணம் குறைவு. முதலில் நேரில் போய், முயலுக்குச் செய்கிறார்களா, எந்தக் கிழமை வரச் சொல்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு வாருங்கள். சென்னையில் சொந்தக்காரர் இருந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. 1903-லிருந்து நடக்கும் கல்லூரி. ஆனால் ராத்திரி முழுக்க ரயிலில் கூண்டோடு கொண்டுபோவது முயலுக்குப் பெரிய பாடு. கிட்டத்தில் கிடைப்பதைத் தேடுவதே நல்லது.

திருநெல்வேலிக்கே கொண்டுபோனாலும் வெயிலை மறக்காதீர்கள். முயலுக்கு வேர்க்காது. உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியே விடும். முப்பது டிகிரி தாண்டினாலே அதற்குத் திணறல் தொடங்கிவிடும். நம் ஊரில் ஏப்ரல், மே மாதங்களில் உப்பளக் காற்றோடு எத்தனை டிகிரி அடிக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. அவசரமில்லாத ஆபரேஷனை மார்கழி, தை மாதங்களுக்குத் தள்ளிவையுங்கள். விடியற்காலையில் கிளம்புங்கள். உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூடைக்குள் வையுங்கள். அது தின்று பழகிய புல்லையும் வேலிமசாலையும் கூடவே எடுத்துப் போங்கள். விழித்ததும் தெரிந்த வாசனை இருந்தால் வாய் வைக்கும். நாய்கள் குரைக்கிற வரிசையில் கூடையை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். பயத்தால் மட்டுமே முயலின் உடம்பு கெட்டுவிடும்.

ஆபரேஷனைவிட மோசமானது அதன் பிறகு கொடுக்கப்படும் தவறான மருந்து. புண் ஆற வேண்டுமே என்று, பிள்ளைக்கு வாங்கிய அமாக்ஸிசிலின் சிரப் வீட்டில் மீதி இருந்தால் ஊற்றிவிடுகிறோம். முயலுக்கு அது விஷம். பென்சிலின் வகை, அமாக்ஸிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின் ஆகியவற்றை வாய்வழி கொடுத்தால் குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, கெட்டவை பெருகி, சில நாளில் கழிச்சலில் செத்துப்போகும். மருந்துக் கடை அண்ணாச்சிக்கு இது தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அதேபோல, நாய்க்கு உண்ணி போகக் கழுத்தில் விடுகிறார்களே, ஃபிப்ரோனில் சேர்ந்த சொட்டு மருந்து, அதை முயல் மேல் ஒரு சொட்டும் விடக் கூடாது. முயலுக்குச் சொறி வந்தால் அதற்கு வேறு மருந்து இருக்கிறது. அளவு பார்த்து மருத்துவர் போடுவார். சீட்டு எழுதும்போதே, "இது முயலுக்கு ஆகுமா சார்?" என்று கேட்டுவிடுங்கள்.

செலவுக்குப் பயந்து இன்னொரு காரியமும் நடக்கிறது. கூட்டம் தாங்காமல் கொண்டுபோய் எங்கேயாவது விட்டுவிடுவது. நம் துறைமுகத்தை ஒட்டி முயல் தீவு என்றே ஓர் இடம் இருக்கிறது. பெயரைப் பார்த்து அங்கே விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். கூண்டில் வளர்ந்த வெள்ளை முயலுக்கு நாயிடமிருந்து ஓடத் தெரியாது, வெயிலுக்கு வளை தோண்டி ஒதுங்க அவகாசம் கிடைக்காது. மன்னார் வளைகுடாவின் மற்றத் தீவுகள் தேசியப் பூங்கா. அங்கே அனுமதியில்லாமல் காலே வைக்கக் கூடாது. பிழைத்துவிட்டால் அது அதைவிடக் கேடு. நம் முத்துக்குளித்துறைக்குப் பின்னாளில் வந்து சேர்ந்த போர்த்துக்கீசியர்கள், பதினைந்தாம் நூற்றாண்டில் போர்ட்டோ சாண்டோ என்ற தீவில் குடியேறப் போனபோது, பெரெஸ்ட்ரெல்லோ என்பவர் ஒரு பெட்டை முயலைக் கப்பலில் கொண்டுபோனார். வழியிலேயே அது குட்டி போட்டது. தாயையும் குட்டிகளையும் தீவில் விட்டார்கள். கொஞ்ச காலத்தில் முயல் பெருகிப் பயிர் பச்சை எல்லாவற்றையும் தின்று தீர்க்க, ஆட்கள்தான் தீவைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. ஒரே ஒரு தாய் முயலின் வம்சம்.

இதோடு ஒட்டிய இன்னொரு உஷார்: தேரிக்காட்டிலும் விளைகளிலும் ஓடுகிற பழுப்பு நிறக் காட்டு முயல் வேறு சாதி. அதைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். குட்டி அகப்பட்டது என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஆபரேஷன் அன்றைக்கு, முயல் முழுசாக விழித்து, தலையை நிமிர்த்தி உட்காருவதைக் கண்ணால் பார்க்காமல் கையில் வாங்காதீர்கள். ஒரு வாய் தின்பதையும் பார்த்துவிட்டு வாங்கினால் இன்னும் நல்லது. வாங்கும்போதே, ராத்திரி பதினொரு மணிக்கு அழைத்தால் எடுக்கிற எண் ஒன்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் மாடிக்குக் கொண்டுபோகாமல், வெக்கையில்லாத அறையில் தரையில் சுத்தமான துணி விரித்துத் தனியாக வையுங்கள். மணல், மரத்தூள் எதுவும் தையலில் ஒட்டக் கூடாது. பசும்புல், கொத்தமல்லித் தழை, முருங்கைக்கீரை என்று அதற்குப் பிடித்ததை மூக்குக்குக் கிட்டே நீட்டுங்கள். பிஸ்கட்டும் சோறும் வேண்டாம். ராத்திரி விழித்திருந்து புழுக்கையைப் பாருங்கள்; எண்ணிக்கை குறைவாக, அளவு சிறியதாக விழுந்தாலும் குடல் ஓடுகிறது என்று அர்த்தம். தின்னவே இல்லையென்றால், ஊறவைத்த முயல் தீவனத்தைக் கூழாகக் கரைத்து, ஊசி கழற்றிய சிரிஞ்சில், கடைவாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். எவ்வளவு, எத்தனை மணிக்கு ஒரு தரம் என்பதை மருத்துவரிடமே கேட்டு வந்திருக்க வேண்டும்.

வயிறு உப்பி, பல்லைக் கடித்துக்கொண்டு மூலையில் ஒடுங்கினாலோ, பன்னிரண்டு மணி நேரமாகத் தின்னவுமில்லை, புழுக்கையும் இல்லை என்றாலோ, விடியட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். அந்த எண்ணுக்கு அடியுங்கள். எடுக்கவில்லையென்றால் ஆட்டோ பிடித்து, திறந்திருக்கும் மருத்துவமனைக்கு அப்போதே கிளம்புங்கள்.